மலையைப் பெயர்த்த கிழவரும் அவரைத் தீட்டிய சீனரும்

(உதகை நகரின் காந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே! காந்தல் பெரியோர்களே! தாய்மார்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் மாணவ நண்பர்களே! மாலை ஐந்து மணிக்கே கம்பளியைத் தேடவேண்டியிருக்கும் இந்தப் பருவத்தில், அடுப்பங்கரையின் கதகதப்பை விட்டுவிட்டு ஒரு பிரசங்கத்தைக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், அது பேசுகிறவனுடைய பெருமையால் அன்று, கேட்கிறவர்களுடைய பெருந்தன்மையால் என்பதை நான் நன்கு அறிவேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சீன தேசத்து ஓவியர் சூ பெய்ஹோங் என்பாரின் வாழ்வும் பணியும். அறிவிப்பைப் படித்தவுடனேயே, ‘சீனாக்காரச் சித்திரக்காரருக்கும் காந்தலுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?’ என்று உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டு மேலே போவதே முறை.

உறவு இல்லாமல் இல்லை. நாம் விடிந்ததும் குடிக்கிற தேநீரின் செடி சீனத்துச் செடி. 1830-களில் கேத்தியில் அதைச் சோதனையாக நட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலாய்க் கரையோரக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பி, அவர்களில் ஒரு பகுதியினரை இதோ நம் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களில் வேலைக்கு வைத்தார்கள். விடுதலை அடைந்த பின்னும் சிலர் சொந்த நாடு திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தி, காய்கறி பயிரிட்டு, பசு வளர்த்து வாழ்ந்தார்கள் என்று மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். நம்முடைய ஓவியர் பிறந்த யீஷிங் வட்டாரமோ, கருஞ்சிவப்பு மண்ணால் செய்த தேநீர்க் கெண்டிகளுக்கு உலகமெங்கும் பெயர் பெற்றது.

ஆயினும் இந்த உறவுகளையெல்லாம் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. இவற்றினும் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. சூ பெய்ஹோங் தம் வாழ்நாளில் தீட்டிய சித்திரங்களுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், நான் தயங்காமல் சுட்டிக்காட்டும் சித்திரம், இந்திய மண்ணில், நம் உதகையைப் போன்ற ஒரு மலைநகரத்தில், இந்திய உழைப்பாளிகளின் தோளையும் முதுகையும் கண்ணாரக் கண்டு தீட்டப்பட்டது. அந்தச் சித்திரத்தை நோக்கித்தான் இன்று நாம் போகப் போகிறோம். அதற்கு முன்னே வருபவை எல்லாம் கல்லாறு தாண்டி ஏறும்போது வருகிற கொண்டை ஊசி வளைவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூ பெய்ஹோங் 1895-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை சூ தாச்சாங் கிராமத்து ஆசிரியர். குருவின் துணையின்றித் தாமே பயின்ற சித்திரக்காரர். படம் எழுதியும், முத்திரை செதுக்கியும், பிறருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகனுக்கு முதலில் பழைய சாஸ்திரங்களைக் கற்பித்து, ஒன்பது வயதில்தான் தூரிகையைக் கையில் கொடுத்தார். தந்தை கொடுத்த பாடம் ஒருபுறம் இருக்க, பையன் தானாகத் தேடிக்கொண்ட பாடம் ஒன்றும் உண்டு. அந்நாளில் சிகரெட் பெட்டிகளுக்குள் ஒரு சிறு சீட்டு வைத்து விற்பார்கள். அதில் சிங்கம், புலி, குதிரை என்று விலங்குப் படங்கள் அச்சிட்டிருக்கும். அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினான் பையன். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய குதிரைகளுக்கு முதல் குதிரை ஒரு சிகரெட் பெட்டியிலிருந்து வந்தது என்றால், கலையின் பிறப்பிடத்தைப் பற்றி நாம் அதிக ஆசாரம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

வறுமை அந்தக் குடும்பத்தை விடவில்லை. வெள்ளம் வந்து வயல் அழிந்தபோது, தந்தையும் மகனும் ஊர் ஊராகப் போய்ச் சித்திரம் எழுதிப் பிழைத்தார்கள். தந்தை இறந்தபோது மூத்த மகனுக்கு இருபது வயது நிரம்பவில்லை. ஒரே சமயத்தில் மூன்று பள்ளிகளில் சித்திர ஆசிரியராக வேலை ஏற்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போனார். பிறகு ஷாங்காய், அங்கே பசி, பசியின் நடுவே காங் யூவெய் போன்ற பேரறிஞரின் ஆதரவு. பிறகு சிறிது காலம் ஜப்பான்; அதன்பின் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் சித்திரச் சங்கத்தின் போதகாசிரியர் பதவி. இவற்றையெல்லாம் நான் விரைந்து கடந்துவிடுகிறேன்.

1919-இல் அரசாங்க உதவிச் சம்பளத்தோடு பாரிஸ் நகரம் சேர்ந்தார். அங்கே அரசுக் கலைக் கல்லூரியில் பயின்றதோடு, தாஞான் பூவரே என்ற முதிய ஓவியரை ஆசிரியராகப் பெற்றார். அந்த ஆசிரியர் கற்பித்த பயிற்சியைச் சித்திரம் பழகும் பிள்ளைகள் கவனித்துக் கேளுங்கள். மாதிரி மனிதனை எதிரே நிறுத்தி, ஒரு நரம்பும் தவறாமல் வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு, மாதிரியையும் பாராமல், நினைவிலிருந்து மறுபடியும் அதே உருவத்தை வரைய வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கண் எதைப் பார்த்தது, மனம் எதைப் பிடித்துக்கொண்டது என்பது அப்போது வெட்டவெளிச்சமாகிவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்; பென்சிலும் காகிதமும் இருந்தால் போதும்.

சீனத்தில் உள்நாட்டுக் குழப்பம் மிகுந்ததால் உதவிச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பட்டினியோடு லூவ்ர் மாளிகையில் மணிக்கணக்காக நின்று பழஞ்சித்திரங்களைப் பார்த்து எழுதியதில், வாழ்நாள் முழுதும் விடாத வயிற்று நோயைச் சம்பாதித்துக்கொண்டார். செலவு குறையும் என்று ஜெர்மனிக்குப் போனார். போன இடத்தில் பெர்லின் மிருகக்காட்சி சாலையின் சிங்கக் கூண்டுக்கு முன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். சிகரெட் சீட்டில் பார்த்த சிங்கத்தை இப்போது உயிரோடு பார்க்கிறார்! அந்த ஆனந்தத்துக்கு முன்னால் வயிற்று நோய் எம்மாத்திரம்?

1927-இல் தாயகம் திரும்பினார். திரும்பியவர் என்ன செய்தார்? சீனச் சித்திரம் பல நூற்றாண்டுகளாகப் பழைய ஆசிரியர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதி, மெய்யான மரத்தையும் மெய்யான மனிதனையும் பார்ப்பதை மறந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். பழமையில் நல்லதைக் காக்க வேண்டும், நலிந்ததைத் தூக்கி நிறுத்த வேண்டும், போதாததை மேல்நாட்டிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கை எல்லோருக்கும் இருக்கும். அதை நடத்திக் காட்டுவது எத்தனை பேர்?

பெய்பிங் (பெய்ஜிங்குக்கு அந்நாளில் அதுதான் பெயர்) கலைக் கல்லூரிக்குச் சிறிது காலம் தலைவராக இருந்தபோது ஒரு காரியம் செய்தார். அந்த நகரத்தில் சீ பாய்ஷி என்றொரு முதியவர் இருந்தார். தச்சராகத் தொழில் தொடங்கியவர். மீனும் நண்டும் இறாலும் கோழிக்குஞ்சும் எழுதுபவர். பள்ளிப் படிப்பில்லாதவர் என்று பண்டிதர்கள் ஒதுக்கி வைத்தவர். அவரைப் பேராசிரியராக வரும்படி சூ பெய்ஹோங் நேரில் போய் அழைத்தார். முதியவர் மறுத்தார். இரண்டாம் முறை போனார், மறுத்தார். மூன்றாம் முறையும் போனார். அப்போதுதான் கிழவர் மனம் திறந்தார்: தாம் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, அறுபது வயதுக்கு மேல் வகுப்பில் ஏறி நின்றால் பிள்ளைகள் கலாட்டா செய்வார்களோ என்று பயம். சூ பெய்ஹோங் தாமே வண்டியில் அழைத்துப் போய், வகுப்பிலும் கூடவே இருந்தார். ஒரு தச்சரைத் தேடித் தலைவர் ஒருவர் மூன்று முறை படியேறினார் என்ற செய்தி, நம் கல்லூரித் தலைவர்கள் காதிலும் விழட்டும்.

இவரை நான் குறையே இல்லாதவராகச் சித்திரிக்க விரும்பவில்லை. 1929-இல் ஷாங்காயில் தேசியக் கலைக் கண்காட்சி நடந்தபோது, செஸான், மத்தீஸ் முதலிய புதுமுறை ஓவியர்களை அவர் கடுமையாக இகழ்ந்து எழுதினார். கவிஞர் சூ ஜிமோ அதற்கு மறுப்பு எழுதினார். இந்த வழக்கில் என் ஓட்டு கவிஞருக்குத்தான். மெய்யைப் பார்த்து எழுது என்று சொன்னவர், மெய்யைப் பார்க்கப் பல கண்கள் உண்டு என்பதை அன்று ஏற்க மறுத்தார். அந்தக் கவிஞர் சூ ஜிமோ யார் தெரியுமா? 1924-இல் நம் ரவீந்திரநாத் தாகூர் சீனம் சென்றபோது, கூடவே இருந்து மொழிபெயர்த்தவர். இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, குதிரைகள். சூ பெய்ஹோங் என்றாலே உலகத்தார்க்கு நினைவு வருபவை அவர் மசியால் எழுதிய குதிரைகளே. அவற்றை எப்படி எழுதினார் என்று சற்று அருகிலிருந்து பார்ப்போம். சீனத்துக் காகிதம் மசியைக் கண்டதும் உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய் வர்ணத்தைப் போல் சுரண்டித் திருத்த முடியாது, தொட்டது தொட்டதுதான். அந்தக் காகிதத்தின்மேல், நீர் கலந்த இளமசியும் கருமசியும் ஏற்றிய அகன்ற தூரிகையால் கழுத்துக்கு ஒரு வீச்சு, வயிற்றுக்கு ஒரு வீச்சு. மார்பும் விலாவும் வெளிச்சம் பட்டு மின்னுகிற இடத்தில் தூரிகை படவே படாது. வெற்றுக் காகிதமே அங்கே தசையாகிவிடும். கால்களுக்கு இறுகிய கோடு. மூட்டும் குளம்பும் ஒரு வைத்தியன் பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்கும். கடைசியில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் பிடரிக்கும் வாலுக்கும் சில கீற்றுகள். அவ்வளவுதான்; குதிரை பாய்ந்துவிட்டது! அவருடைய குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, ஏறியிருப்பவனும் இல்லை. உதகைப் பந்தயத் திடலில் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, கடிவாளமில்லாத குதிரை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1937-இல் ஜப்பானியப் படை சீனத்தின்மேல் பாய்ந்தது. நகரம் நகரமாக வீழ்ந்தது, கோடிக்கணக்கானோர் அகதிகளானார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஓவியர் என்ன செய்வார்? சித்திரங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு 1939-இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார், கண்காட்சி நடத்தினார், வந்த பணத்தை அகதிகளுக்கு அனுப்பினார். அங்கே தீட்டிய ‘உன் சாட்டையைக் கீழே போடு’ என்ற எண்ணெய் ஓவியம் 2007-இல் ஹாங்காங் ஏலத்தில் 7 கோடியே 20 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விலை போயிற்று. அகதிகளுக்குக் கஞ்சி வார்க்கப் பிறந்த கலை, செல்வர் மாளிகையின் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. காலத்தின் விளையாட்டு என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல?

சிங்கப்பூரில் இருந்தவரைத் தாகூர் அழைத்தார். 1939-ஆம் ஆண்டின் இறுதியில் சூ பெய்ஹோங் சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு அந்நியம் ஒன்றும் இல்லை. தான் யுன்ஷான் என்ற சீன அறிஞரின் தலைமையில் 1937-இலேயே சீன பவனம் தொடங்கியாகிவிட்டது. கலா பவனத்தின் தலைவர் நந்தலால் போஸ், தாகூரோடு சீனம் போய் வந்தவர்; சீனத் தூரிகையின் இலக்கணம் அறிந்தவர். சாந்திநிகேதனத்திலும் கல்கத்தாவிலும் அவருடைய சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம் நாட்டுப் பத்திரிகைகள் அவரை அந்நாளில் ‘ஜூ பியோன்’ என்று பிரெஞ்சு வழக்கிலேயே குறிப்பிட்டன. பழைய ஏடுகளைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பெயரில் தேட வேண்டும்.

அந்த ஆசிரமத்தில் அவர் தாகூரைப் பல முறை வரைந்தார். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கையில் ஏட்டோடு, மரத்தின் பசுமை பின்னே சூழ அமர்ந்திருக்கும் தாகூரின் வர்ணச் சித்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1940 பிப்ரவரியில் மகாத்மா காந்தி, கஸ்தூரிபாயோடு சாந்திநிகேதனத்துக்கு வந்தார். தாகூரும் காந்தியும் சந்தித்த கடைசிச் சந்திப்பு அது. கூட்டத்தின் நடுவே, காந்தியடிகள் ஓரிடத்தில் அமர்ந்திருந்த சில நிமிஷங்களுக்குள், சூ பெய்ஹோங் அவருடைய உருவத்தைக் கோட்டில் பிடித்துவிட்டார்.

கோடை வந்தது. வெயில் தாங்காமல் டார்ஜிலிங் மலைக்கு ஏறினார். ஏறும்போது அவர் மனத்தில் ஒரு கிழவரும் கூடவே ஏறினார். அந்தக் கிழவரின் கதையைச் சொல்கிறேன். சீனத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த பழங்கதை.

யூகோங் என்று ஒரு கிழவர். வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது. வீட்டு வாசலில் தாய்ஹாங், வாங்வூ என்று இரண்டு மலைகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கே போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு நாள் குடும்பத்தைக் கூட்டி, ‘மலைகளை வெட்டி எறிந்துவிடுவோம்’ என்றார். பிள்ளைகளும் பேரன்களும் சரி என்றார்கள். கிழவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: வெட்டின மண்ணையும் கல்லையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பாருங்கள், எந்த தேசத்திலும் பெண்கள் கேட்கிற கேள்விதான் கேள்வி! கடலில் கொட்டலாம் என்று தீர்மானித்தார்கள். கடலோ வெகு தூரம். ஒரு தடவை போய்வர மாதக்கணக்காகும். அடுத்த வீட்டு விதவையின் மகன், பால் பல் விழுகிற வயதுப் பொடியன், அவனும் துள்ளிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான். ஊரில் புத்திசாலி என்று பெயரெடுத்த இன்னொரு கிழவர் இதைப் பார்த்துச் சிரித்தார். ‘சாகப் போகிற வயதில் மலையின் ஒரு புல்லையாவது உன்னால் அசைக்க முடியுமா?’ யூகோங் சொன்ன பதில்: ‘நான் செத்தால் மகன் இருக்கிறான், அவனுக்கு மகன் பிறப்பான், அவனுக்கும் பேரன் பிறப்பான், மலையோ இனி வளரப் போவதில்லை. பிறகென்ன கவலை?’ இந்த உறுதியைக் கேட்ட தெய்வம் மனம் இரங்கி, இரண்டு மலைகளையும் தூக்கிச் சென்று வேறிடத்தில் வைத்தது என்று கதை முடிகிறது.

1940-ஆம் ஆண்டில் இந்தக் கதை ஒரு சீனருடைய உள்ளத்தில் எப்படி எதிரொலித்திருக்கும்? சீனத்தின் துறைமுகங்கள் பகைவர் கையில். வெளியுலகிலிருந்து மருந்தும் பொருளும் வருவதற்கு, பர்மாவின் லாஷியோவிலிருந்து குன்மிங் வரை ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்று. அதில் சீனப் பகுதியை, எந்திரங்கள் ஏதுமின்றிக் கூடையும் மண்வெட்டியும் கொண்டே, கிராமத்து ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் 1938-இல் வெட்டி முடித்திருந்தார்கள். அந்தப் பாதையையும் 1940 ஜூலையில், ஜப்பானின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி, பிரிட்டிஷ் அரசாங்கம் மூன்று மாதம் மூடிவிட்டது. கிழவரின் கதை அன்றைய செய்தித்தாளாகவே ஆகிவிட்டது.

டார்ஜிலிங்கில் அவர் தீட்டிய ‘மலையைப் பெயர்த்த மூடக்கிழவர்’ ஏறக்குறைய 14 அடி நீளமுள்ள காகிதச் சித்திரம். வலப்பக்கத்தில் ஆறேழு ஆண்கள், ஏறக்குறைய ஆடையே இல்லாமல், வாரியைத் தலைக்குமேல் ஓங்கி நிற்கிறார்கள். ஒருவன் உடலை முன்னே வளைத்திருக்கிறான். ஒருவன் பின்னே வளைந்து மூச்சை இழுக்கிறான். பருத்த வயிறு, திரண்ட தொடை, விரிந்த கால்விரல். இடப்பக்கத்தில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நிற்கிறார். கோடு சீனத்து மசிக்கோடு. கோட்டுக்குள் இருக்கும் எலும்பும் தசையும் பாரிஸில் பட்டினி கிடந்து கற்ற எலும்பும் தசையும். நீண்ட அங்கிக்குள்ளேயே மனித உடலை மறைத்து எழுதிவந்த சீன மரபில், மசியால் இத்தனை பெரிய நிர்வாண உடல்களை எழுதத் துணிந்தது அதற்கு முன் கேளாத காரியம்.

அந்த உடல்கள் யாருடையவை? சாந்திநிகேதனத்தில் அவர் கண்டு, நிறுத்தி வைத்து வரைந்த இந்திய உழைப்பாளிகளுடையவை! முகத்தைப் பார்த்தாலே தெரியும். சீனத்துப் பழங்கதையில் இந்திய முகங்கள் எதற்கு என்று சிலர் குறை சொன்னதுண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சித்திரத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கூடை சுமப்பவனுடைய முதுகெலும்பு யாங்சி நதிக்கரையிலும் கங்கைக் கரையிலும் ஒரே மாதிரிதான் வளைகிறது. இன்னொன்றும் என் ஊகமாகச் சொல்கிறேன்: அவர் வருவதற்கு முந்திய ஆண்டுதான், 1938-இல், சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் சாந்திநிகேதனத்தில் சிமெண்டும் செங்கல் நிறச் சரளையும் கலந்து ‘சந்தால் குடும்பம்’ என்ற பெரிய சிற்பத்தை நிறுவியிருந்தார். காவடி போல் கூடைகளைத் தோளில் தாங்கிய சந்தால் உழைப்பாளி, தெய்வத்துக்குரிய பிரமாணத்தில் திறந்த வெளியில் நிற்பதைச் சூ பெய்ஹோங் பாராமல் இருந்திருப்பாரா?

சித்திரத்தை இன்னும் ஒரு முறை பாருங்கள். மலை எங்கே? ஏறக்குறைய இல்லை! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஃபான் குவான் என்ற பெருஞ்சித்திரக்காரரின் பட்டுச் சித்திரம் ஒன்று தாய்பேயில் இருக்கிறது. ஆறரை அடிக்கு மேல் உயரம். முக்கால் பங்கு ஒரே மலை. அடியில் மஞ்சு படர்ந்து மலையின் காலை மறைக்கிறது. அதற்கும் கீழே, மூக்கை ஒட்டி வைத்துத் தேடினால்தான் அகப்படுகிற அளவில், பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டும் இரண்டு ஆட்களும். பழைய சீன மரபில் மலை பெரிது, மனிதன் சிறிது. அந்த மரபின் அழகை இந்த நீலகிரியில் இருப்பவர்களைவிட யார் நன்றாக உணர முடியும்? தொட்டபெட்டாவை மஞ்சு விழுங்குவதைத் தினம் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆனால் சூ பெய்ஹோங் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். மனிதன் தாள் முழுதும் நிறைந்தான்; மலை அவன் காலடியில் மண்ணாயிற்று. இன்னொரு மாறுதலும் செய்தார்: கதையின் முடிவில் வந்து உதவுகிற தெய்வத்தைச் சித்திரத்தில் வரையவே இல்லை. ஓங்கிய வாரி இன்னும் இறங்கவில்லை; அங்கேயே நிறுத்திவிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945-இல், மா சேதுங் இதே கதையை எடுத்துப் பேசியதால் அது உலகமெங்கும் பரவிற்று. சித்திரம் பேச்சுக்கு முந்தியது என்பதைப் பலர் அறியார்.

இந்தச் சித்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சென்னைக் கடற்கரை ஞாபகம் வருகிறது. அங்கே நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் நிறுவப்பட்டது. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே முதுகுதான் வளைகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது, மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரத்துக்கு வருகிறேன். 1940-இன் கடைசியில் அவர் இந்தியாவை விட்டுப் புறப்படும் தறுவாயில், நோயுற்றிருந்த தாகூர் ஒரு வேலை கொடுத்தார்: தாம் முதுமையில் எழுதிக் குவித்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்களிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். தாகூரின் சித்திரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? முறையான பயிற்சி இல்லாத கை. விபரீதப் பறவைகள், முகமூடி போன்ற முகங்கள். மத்தீஸின் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகும், பாரிஸ் கல்லூரியின் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகாது. 1929-இல் புதுமுறையை இகழ்ந்த அதே மனிதர், நந்தலால் போஸோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்து முந்நூற்றுச் சொச்சம் சித்திரங்களைப் பொறுக்கி, அவற்றிலும் மிகச் சிறந்தவை என்று எழுபதைத் தேர்ந்து கொடுத்தார். சூ ஜிமோ அப்போது உயிரோடு இல்லை. 1931-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மறுபடியும் மலாய் நாடு. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று கண்காட்சிகள். 1941-இல் பினாங்கில் இருந்தபோது சாங்ஷா நகரத்தில் மீண்டும் பெரும்போர் மூண்டது. செய்தி அறிந்த கவலையில் எழுதிய பாயும் குதிரை ஒன்று, அவருடைய குதிரைகளிலேயே மிகவும் பெயர்பெற்றது. அதன் ஓரத்தில் அந்தப் போரையும் தம் நெஞ்சின் வேதனையையும் சித்திரக்காரரே குறித்து வைத்திருக்கிறார். அழகுக்காக அந்தப் படத்தின் நகலை வரவேற்பறையில் மாட்டி வைத்திருப்பவர்கள், அது ஒரு போர்க்காலக் கடிதம் என்பதை அறிவார்களா?

அவர் உயிரினும் மேலாகப் போற்றிய ஒரு பழஞ்சித்திரத்தின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1937-இல் ஹாங்காங்கில் ஒரு ஜெர்மானிய மாதிடமிருந்து வாங்கிய பட்டுச் சுருள் அது. சுமார் மூன்று மீட்டர் நீளத்தில், வர்ணமே இல்லாமல், வெறும் கோடுகளால் எண்பத்தேழு தேவர்கள் ஊர்வலம் போகிறார்கள். ‘பெய்ஹோங்கின் உயிர்’ என்று செதுக்கிய முத்திரையை அதன்மேல் குத்தினார். 1942-இல் குன்மிங் நகரத்தில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்து எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடிய நேரத்தில், திருடன் அதைக் கொண்டுபோய்விட்டான். ஓவியர் படுத்த படுக்கையானார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் செங்து நகரத்தில் அது இருப்பதாக மாணவி ஒருத்தி எழுதினாள். பெருந்தொகையும் தம் சொந்தச் சித்திரங்கள் பலவும் கொடுத்துத் தம் பொருளையே விலைக்கு வாங்கினார். சுருள் வந்தது, முத்திரை இருந்த இடத்தை மட்டும் திருடன் வெட்டி எடுத்திருந்தான்.

போர் முடிந்தபின் பெய்பிங் கலைக் கல்லூரிக்குத் தலைவரானார். 1950-இல் மத்தியக் கலைக் கழகத்தின் முதல் தலைவரானார். 1953 செப்டம்பர் 26-ஆம் நாள், 58-ஆம் வயதில், மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். மனைவி லியாவ் ஜிங்வென், கணவர் எழுதிய ஆயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்களையும் அவர் சேர்த்த பழஞ்சித்திரங்களையும் ஒன்றுவிடாமல் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். மூடக்கிழவரும் எண்பத்தேழு தேவர்களும் இன்று பெய்ஜிங்கில், அவர் பெயரால் அமைந்த நினைவு மாளிகையில் இருக்கிறார்கள்.

சபையோரே, வளைவுகளெல்லாம் தாண்டி மேலே வந்துவிட்டோம். இறங்கும் முன் ஒன்று கேட்கிறேன். 1837-இல் கேப்டன் ரிச்சர்ட் பாரன் இந்த நீலமலைகளின் காட்சிகளை வரைந்து லண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்குப் பின் வந்தவர்களும் ஏரியை வரைந்தார்கள், குன்றை வரைந்தார்கள், தேயிலைச் சரிவை வரைந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகை வரைக்கும் ரயில் வந்தது. இந்தப் பாறையை உடைத்த கைகளை யார் வரைந்தார்கள்? தேயிலைத் தோட்டத்துக்காகக் காட்டைத் திருத்திய முதுகுகளை யார் வரைந்தார்கள்? காந்தலில் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், அப்படி வெட்டியவர்களின், சுமந்தவர்களின், பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களில் சிலர் இதோ சுவரோரம் நிற்கிறார்கள்.

ஆகையால், மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்குகிறவரை, காரட் கழுவுமிடத்தில் முழங்கால் சேற்றில் நிற்கிறவரை, கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றுகிற அம்மாவை, அனுமதி கேட்டுக்கொண்டு வரையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து மறுபடி வரையுங்கள். இரண்டையும் கொண்டு வாருங்கள். அவற்றை மாட்டுவதற்கு இந்த மண்டபத்தின் சுவரில் இடம் தரவேண்டும் என்று அவைத் தலைவர் அவர்களை இப்போதே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.